அப்பாவின் ஒரு வாட்டும் என் நூறு வாட்டும்

பெட்டியைப் பிரித்து ஸ்பீக்கரை வெளியே எடுத்து வைத்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "எத்தன வாட்டு தாங்கும்?"

"நூறு வரைக்கும் தாங்கும்ப்பா. கொறஞ்சது இருபத்தஞ்சு வாட்டு ஆம்ப்ளிஃபயர் வேணும்னு போட்டிருக்கான்."

"இம்புட்டுக்காணும் பெட்டிக்கா?"

குனிந்து பார்த்தார். ஓர் அடி உயரம், முக்கால் அடிக்கும் குறைவான அகலம். கறுப்புப் பெட்டியின் நடுவில் செம்பு நிறத்தில் ஒரே ஒரு கோன். தூக்கிப் பார்த்தார். ஏழு கிலோவுக்கு மேல் இருந்தது. எடை மட்டும் அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம கொழாய்க்கு இருபத்தஞ்சு வாட்டு குடுத்தா, பக்கத்து ஊர்லருந்து சைக்கிள்ல சண்டைக்கு வருவான்."

அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. அப்பா முப்பது வருஷத்துக்குக் கிட்ட அருப்புக்கோட்டைப் பக்கம் மைக் செட் போட்டவர். ஒரு ஆம்ப், ரெண்டு குழாய், ஒரு மைக், ஒரு கேசட் டெக். கரண்ட் இல்லாத இடத்துக்குக் கூடவே பேட்டரியும் போகும். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பொங்கல், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே செட்தான். வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டி, வாயை எந்தத் திசைக்குத் திருப்பினால் எந்தத் தெருவுக்கு விழும் என்று கணக்குப் போட்டவர். அரசாங்கத் தாள்களில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி என்று எழுதுகிறார்களே, அதைத்தான் எங்கள் ஊரில் குழாய் என்போம்.

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் விவரத் தாளில் முதலில் தேடுவது வாட். பார்க்க வேண்டியது அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண். சென்சிட்டிவிட்டி என்று போட்டிருக்கும். ஏறக்குறைய ஒரு வாட், சரியாகச் சொன்னால் 2.83 வோல்ட், கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பது அது. நான் வாங்கிய கெஃப் எல்எஸ்50க்கு 85. அப்பாவின் குழாய் மாதிரியான கூம்புகளுக்கு 105க்குக் குறையாது. நடுவில் 20 டெசிபல். 10 டெசிபல் ஏற்ற பத்து மடங்கு வாட் வேண்டும். 20க்கு நூறு மடங்கு. அப்பாவின் ஒரு வாட்டுக்கு நான் நூறு வாட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

அப்படியென்றால் குழாய்தானே நல்ல ஸ்பீக்கர்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கேஎல்எச் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் 'எச்' ஆக இருக்கும் ஹாஃப்மன் ஒரு விதி சொன்னார்: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் ஏதாவது இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். குழாய் பேஸை விட்டுக்கொடுத்துச் சத்தத்தை வாங்கிக்கொண்டது. ஒரு முந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக ஒன்றும் வராது. எட்கர் வில்சர் 1954-இல் கொண்டுவந்த ஏஆர்-1 இதற்கு நேர் எதிர். காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள்ளிருந்து தரையை அதிரவைக்கும் பேஸை எடுத்தார். பதிலுக்கு ஆம்ப் நிறைய வாட் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று நம் அலமாரியில் உட்காரும் சின்னப் பெட்டிகள் எல்லாம் அந்தப் பேரத்தின் வாரிசுகள்.

அப்பாவுக்கு இந்த விதியின் பெயர் தெரியாது. விதி தெரியும். "கொழாய்ல நாயனம் நல்லா எடுக்கும். தவுல்ல வலந்தல கேக்கும், தொப்பி கேக்காது" என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். தவிலின் இடப்பக்கம் தொப்பி. குச்சியால் அடிப்பது, ஆழமான சத்தம். கல்யாண வீட்டில் மேடைக்கு அருகே நிற்கிறவனுக்குத் தொப்பி வயிற்றில் விழும். தெருமுனையில் குழாயில் கேட்கிறவனுக்குத் தவில் என்றால் டகடக மட்டும்தான்.

சரி, நான் எப்படி இங்கே வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு ஹோம் தியேட்டர். அட்டைப்பெட்டியில் 2400 வாட் பிஎம்பிஓ என்று கட்டை விரல் பருமனில் அச்சிட்டிருந்தது. பல நாள் கழித்து ஒட்டடை அடிக்கும்போது பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தேன். கரண்ட் எடுப்பது 60 வாட். அறுபது வாட் உள்ளே போய் 2400 வாட் வெளியே வருகிறது என்றால் அதை மின்சார வாரியத்துக்கே வாடகைக்கு விட்டிருக்கலாம்.

இரண்டாவது, ஒரு பழைய ஜப்பானிய ஜோடி. இடுப்பு உயரம், பேஸுக்கென்று பெரிய வூஃபர், பார்க்க அவ்வளவு லட்சணம். வீட்டுக்கு வந்து முன்வலையைக் கழற்றினேன். வூஃபரின் விளிம்பைச் சுற்றி ஓடும் ஃபோம் வளையத்தை விரலால் தொட்டதும் பொரித்து மறந்துபோன அப்பளம் மாதிரி உதிர்ந்தது. ஃபோம் வளையங்களுக்குப் பத்துப் பதினைந்து வருஷம்தான் ஆயுள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அதற்கும் முன்னாலேயே போய்விடலாம். ரப்பர் வளையம் என்றால் கவலை குறைவு. பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் பேரம் பேசுவதற்கு முன்னால் முன்வலையைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாவது முறை புத்தி வந்தது. கையில் இருந்தது ஒரு லட்சத்துக்குக் கிட்ட. கடைக்காரர்கள் எல்லாம் அதைப் பங்குபோட்டுக் காட்டினார்கள்: ஆம்ப்புக்கு இவ்வளவு, டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றும் டேக்குக்கு இவ்வளவு, கேபிளுக்கு இவ்வளவு, மீதியில் ஸ்பீக்கர். நான் தலைகீழாகப் போவது என்று முடிவெடுத்தேன். முதலில் ஸ்பீக்கர், பாதிக்கு மேல் பணம் அதற்கு. மற்றதெல்லாம் அதற்கு என்ன தேவையோ அது மட்டும்.

காரணம் எளிது. ஒழுங்கான ஆம்ப் எதுவும் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை அரை டெசிபல்கூட வளையாது. சிடி வந்த 1982-லிருந்தே, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற அந்த அளவே வீட்டுக் காதுக்குப் போதும். ஸ்பீக்கரோ கூட்டிக் கழித்து 3 டெசிபலுக்குள் நின்றால் அதைப் பெருமையாக விவரத் தாளில் போட்டுக்கொள்கிறார்கள். பாட்டு கெடுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் மின்சாரம் காற்றாக மாறுகிற இடம்தான். அப்புறம் அந்தக் காற்று முட்டி மோதும் அறை. பணமும் உழைப்பும் அங்கே போகட்டும்.

ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கு என்பார்கள். கேட்கப் போனேன். ஏசி போட்ட ஷோரூம், தடித்த கார்ப்பெட், சுவரெல்லாம் பஞ்சு. விற்பனையாளர் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டார். அவர் விற்க விரும்பிய ஜோடிதான் ஒவ்வொரு முறையும் நன்றாக இருந்தது. மூன்றாவது முறை அவர் கையைப் பார்த்தேன். அந்த ஜோடிக்கு மாற்றும்போதெல்லாம் வால்யூம் ஒரு பொட்டு ஏறியது. சத்தம் ஒரு டெசிபல் கூடினால் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, தரம் என்று எடுத்துக்கொள்ளும். கடையின் பெயர் வேண்டாம். அந்தக் கையை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன்.

கண்ணும் ஏமாற்றும். ஃபிலாய்ட் டூல் என்ற விஞ்ஞானி கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் இதைப் பல வருஷம் சோதித்தார். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்துக் கேட்கச் சொன்னால் ஒரு மதிப்பெண், திரையை எடுத்துவிட்டால் வேறு மதிப்பெண். பெரிய பெட்டி, விலை, பெயர் எல்லாம் மதிப்பெண்ணில் ஏறிக்கொள்கிறது. கண்ணை மறைத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் ஒரே வகை ஸ்பீக்கரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்: நேர் எதிரே எந்தச் சுரத்தையும் தூக்காமல் அமுக்காமல் ஒலிப்பது, பக்கவாட்டில் போகும் ஒலியும் அதே குணத்தோடு மெல்லக் குறைவது.

பக்கவாட்டு விஷயம் நம் வீடுகளுக்கு ரொம்ப முக்கியம். கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, மேலே சிமெண்ட் தளம். ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவதைவிடச் சுவரில் பட்டு வருவது அதிகம். கீச்சுச் சத்தத்துக்கான ட்வீட்டர் மேலே, வூஃபர் கீழே என்று இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும் பெட்டிகளில் மேலும் கீழும் சரிந்து போகும் ஒலியின் குணம் மாறிவிடலாம். கெஃப் 1988-இல் கொண்டுவந்த யூனி-க்யூ முறையில் ட்வீட்டர் வூஃபரின் நடுக்குழியிலேயே உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் போனாலும் ஒலி ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும். எல்எஸ்50-இல் ஒரே ஒரு கோன் மாதிரித் தெரிவது அதனால்தான்.

அந்தப் பெட்டிக்கு ஒரு பூர்வகதையும் உண்டு. 1970-களில் பிபிசிக்கு வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைக்க ஒரு சின்ன ஸ்பீக்கர் தேவைப்பட்டது. பாட்டுக் கேட்டு ரசிக்க அல்ல; அறிவிப்பாளரின் குரல் சரியாகப் போகிறதா என்று பொறியாளர் பார்க்க. அவர்களே வடிவமைத்தார்கள்: மெல்லிய பிர்ச் மரப்பலகை, ஐந்து லிட்டர் கொள்ளளவு, உள்ளே கெஃப்பின் வூஃபரும் ட்வீட்டரும். எல்எஸ்3/5ஏ என்று பெயர். ரோஜர்ஸ், ஸ்பெண்டர், ஹார்பெத் எனப் பல கம்பெனிகள் உரிமம் வாங்கிச் செய்தன. இன்றும் அதற்குப் பைத்தியமாக அலைகிறவர்கள் உண்டு. கெஃப்பை 1961-இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோனில் தொடங்கிய ரேமண்ட் குக்கும் பிபிசியில் இருந்தவர்தான். கம்பெனிக்கு ஐம்பது வயது நிறைந்ததைக் கொண்டாட, அந்தப் பழைய வேன் ஸ்பீக்கரை நினைத்து 2012-இல் போட்டது எல்எஸ்50. வேனுக்குள் சரியாக இருந்தது என் வேளச்சேரி வீட்டின் 10க்கு 12 அறையில் சரியாக இருக்காதா என்றுதான் என் கணக்கு.

கோயம்புத்தூரில் ஒருவர் வெளிநாடு கிளம்புகிறார் என்று நண்பன் மூலம் தெரிந்தது. 55,000 ரூபாய். ஒரு பென் டிரைவுடன் போனேன். அதில் மூன்றே கோப்பு. ஒன்று மோனோ குரல். இரண்டு பெட்டிக்கும் சரியாக நடுவில் அந்தக் குரல் நின்றால் ஜோடி ஒத்துப்போகிறது, ஒரு பக்கம் சாய்ந்தால் ஏதோ ஒன்று சோர்ந்திருக்கிறது. இரண்டாவது, ஆழத்திலிருந்து மெல்ல ஏறிவரும் ஒற்றைச் சுரம். கோன் எங்கேயாவது உரசினால் காட்டிக் கொடுத்துவிடும். மூன்றாவது, அப்பா கொடுத்த ஒரு நாயனக் கச்சேரி. முதல் இரண்டும் சுத்தமாக வந்தன. மூன்றாவதை அங்கே போடவில்லை. முதல் கேட்பு அப்பாவுக்கு என்று வைத்துக்கொண்டேன். ரயிலில் இரண்டு பெட்டியையும் காலடியில் வைத்துக்கொண்டு சென்னை வரை தூங்காமல் வந்தேன்.

ஆம்ப்புக்குக் கணக்கு இப்படி. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 85. நான் உட்காருவது ஆறடி தள்ளி. அதற்கு ஒரு 5 டெசிபல் கழியும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக 83. பாட்டு சாதாரணமாக ஓடும்போது 75, 78 போதும். ஆனால் மிருதங்கத்தில் ஒரு சாப்பு விழும் நொடியில் அது இருபது டெசிபல் எகிறும். 98 வரை இடம் வேண்டும் என்று வைத்தால் 15 டெசிபல் கூட. முப்பது வாட்டுக்குச் சற்று மேல். அதாவது நல்ல 50 வாட் தாராளம். ஆனால் ஒரு கொக்கி: எல்எஸ்50-இன் மின்தடை எட்டு ஓம் என்று போட்டிருந்தாலும் சில இடங்களில் 3.2 ஓம் வரை இறங்கும். அந்த இடத்தில் ஆம்ப் மூச்சு வாங்காமல் கரண்ட் தள்ள வேண்டும். பழைய யமஹா ஏ-எஸ்501 ஒன்று கிடைத்தது. 85 வாட், பத்துக் கிலோ, டிஜிட்டல் ஆப்டிகல் உள்ளீடு உள்ளேயே இருப்பதால் தனி டேக் வேண்டாம். ஒரு பெட்டி குறைந்தது, அதற்கான பணமும் மிச்சம்.

ஒயர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில். ஒரு பக்கத்துக்கு 3 மீட்டர். போக வர 6 மீட்டர் செம்பின் தடை 0.045 ஓம்கூட இல்லை. ஸ்பீக்கர் 3.2 ஓமுக்கு இறங்கும் மோசமான இடத்தில்கூட அதனால் குறைவது 0.12 டெசிபல். மீட்டர் ஐயாயிரம் ரூபாய் ஒயர் விற்கிறவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுக் காட்டுவதே இல்லை. பனானா பிளக் மட்டும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். அப்பா அதன் ஸ்க்ரூவை நம்பவில்லை. "ஸ்க்ரூ லூசாகும், ஈயம் லூசாகாது" என்று தன் பழைய சால்டரிங் அயர்னை எடுத்து எட்டு முனையையும் பற்ற வைத்தார்.

ஸ்டாண்ட் பட்டறையில் சொல்லிச் செய்தது. அப்பாவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துத் தரையிலிருந்து காது வரை டேப் பிடித்தேன். 30 அங்குலம். கோனின் நடுப்புள்ளி பெட்டியின் பாதி உயரத்தில் இருப்பதால் ஸ்டாண்ட் 24 அங்குலம். சதுரக் குழாய்க்குள் மணல் நிரப்ப வேண்டும்; இல்லையென்றால் அதுவே மணி மாதிரி அடிக்கும். ஈர மணலை அடைத்தால் உள்ளே துருப்பிடிக்கும் என்று அப்பா அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்துக் கடலை வறுக்கிற மாதிரி மணலை வறுத்தார். அந்தச் சட்டியை இனிமேல் தோசைக்கு எடுக்க மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் இணைத்து முதல் முறை சுவிட்சைப் போட்டதும் வந்தது பாட்டல்ல, ஊம் என்று ஒரு சத்தம். நான் ஆம்ப்பைச் சந்தேகித்தேன். அப்பா ஒரு நிமிஷம் கேட்டார். "கரண்டு சத்தம். ரெண்டு எடத்துல எர்த் இருக்கு. ஒவ்வொன்னா புடுங்கு" என்றார். டிவியிலிருந்து வந்த ஆர்சிஏ ஒயரைப் பிடுங்கியதும் நின்றது. டிவிக்கு செட்டாப் பாக்ஸ் வழியாகத் தெரு கேபிளின் எர்த் வந்துகொண்டிருந்தது. ஆம்ப்புக்கு வீட்டு எர்த். இரண்டும் கைகோத்து ஒரு வளையமாகி அந்த 50 ஹெர்ட்ஸைப் பாடிக்கொண்டிருந்தன. ஆர்சிஏவுக்குப் பதில் ஆப்டிகல் ஒயர் போட்டோம். அதில் போவது வெளிச்சம், செம்பு இல்லை, வளையம் அறுந்தது. சிலர் இதற்கு மூணு பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவார்கள். அது மட்டும் வேண்டாம், ஆளைக் கொல்லும்.

இனி அறை. உண்மையான வேலை இங்கேதான் தொடங்கியது, இரண்டு மாதம் பிடித்தது.

எண்பதுகளின் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். யாருடைய பேஸ் கிட்டார் என்று தமிழ் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த பேஸ் படியிறங்கி வரும்போது ஒரு படி மட்டும் தொம் என்று வீங்கியது. அடுத்த படி காணாமல் போனது. ஸ்பீக்கர் பழுதா என்று பயம். பிறகு டேப்பை எடுத்து அறையை அளந்தேன். நீளம் 12 அடி, அகலம் 10, உயரமும் 10. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலியலையின் பாதி சரியாகப் பொருந்தும் சுரத்தில் அறையே ஊத ஆரம்பிக்கும். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். 12 அடிக்கு 48 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57. அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் 57 மட்டும் இரட்டிப்பாகக் கூடிக்கொள்கிறது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தியை வெறுமனே மீட்டினால் 55, அடுத்த சுரம் 58. வீங்கிய படி அதுதான். கட்டிய மேஸ்திரிக்கு என் ரசனை பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

காணாமல் போன படிக்குக் காரணம் நாற்காலி. அறையின் நட்டநடுவில் போட்டிருந்தேன். முதல் அலைக்கு நடுப்புள்ளிதான் பாழ். அங்கே அழுத்தமே இல்லை. பின்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம் தள்ளி உட்காரச் சொல்வார்கள், அதாவது நாலரை அடி. கோலமாவால் தரையில் அரை அடிக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் நாற்காலியை வைத்து அதே பேஸ் வரியைக் கேட்டேன். "வீட்டுக்குள்ள என்னங்க கோலம்?" என்றாள் மனைவி. விதி சரிதான், ஆனால் எனக்கு ஐந்தடிக் கோடுதான் பிடித்தது. ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் நடுவே ஆறடி, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து ஒன்றரை அடி, முகம் லேசாக உள்ளே திரும்பி. பின்பக்க ஓட்டையை அடைக்க கெஃப் ஒரு ஃபோம் அடைப்பான் கொடுக்கிறது. அதைச் செருகியதும் வீக்கம் பாதி வற்றியது.

கைதட்டினால் அறை டிங் என்று பதில் சொல்லும் வியாதிக்குப் பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்துப் பார்த்தேன். மெல்லியது, கீச்சுச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும், பேஸுக்கு அது இருப்பதே தெரியாது. ஊரிலிருந்து அம்மாவின் இலவம்பஞ்சு மெத்தை இரண்டு வந்திருந்தன. சுருட்டி முன் மூலைகளில் நிறுத்தினேன். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பேஸ் ட்ராப்புகளுக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொம் தும் ஆனது. பின்சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலில் கனத்த திரை. கைதட்டினால் இப்போது அறை பேசுவதில்லை.

ஒரு கிர்ர் மட்டும் மிச்சம் இருந்தது. எல்லாப் பாட்டிலும் இல்லை. அந்தப் பாழாய்ப்போன 57க்குக் கிட்ட வரும்போது மட்டும். ஒரு வாரம் ஸ்பீக்கரையே முகர்ந்துகொண்டிருந்தேன். அப்பா ஒற்றைச் சுரத்தை விடாமல் போடச் சொன்னார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல உள்ளங்கையை விரித்து ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக்கொண்டே போனார். ஜன்னல் கம்பி, அலமாரிக் கண்ணாடி, சுவிட்ச் போர்டு. ஸ்டீல் பீரோவின் கைப்பிடியைப் பிடித்தார். கிர்ர் கொஞ்சம் அடங்கியது. பீரோ தலையில் எவர்சில்வர் குடம், அதன் மேல் தட்டு. தட்டில் விரலை வைத்தார். நின்றேவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்துத் தட்டுக்கடியில் வைத்தார். கைப்பிடிக்கு ஒரு ரப்பர் பேண்ட். "மரத்துல கொழாய் கட்டுனா கெளையில எங்க ஆணி அடிச்சிருக்குன்னு மொதல்ல பாக்கணும். அது பாடும்" என்றார்.

அன்று சாயங்காலம்தான் மூன்றாவது கோப்பைப் போட்டேன். அப்பா சாய்வு நாற்காலியில். நாயனம் நடுவில், சுருதி பிடிக்கும் ஒத்து அதற்குச் சற்றுப் பின்னால், தவில் வலப்பக்கம் எங்கோ ஸ்பீக்கருக்கும் வெளியே. அப்பாவுக்கு எழுபத்தி நாலு வயது. கீச்சுக் குரல்கள் அவர் காதுக்கு எட்டாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. ட்வீட்டருக்குப் போன பணம் அவரைப் பொறுத்தவரை வீண். தனி ஆவர்த்தனம் தொடங்கியது. அவர் கண் மூடவெல்லாம் இல்லை. ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி விழுந்தது.

"தொப்பி வருது" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து: "கம்மியாத்தான் வருது."

அதுவும் சரிதான். 79 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்எஸ்50 மெல்லக் கையை விரிக்க ஆரம்பித்துவிடும். ஹாஃப்மன் விதி யாரையும் விடாது. யமஹாவின் பின்னால் சப்வூஃபருக்கு ஒரு ஓட்டை காலியாக இருக்கிறது. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 57 ஹெர்ட்ஸை இன்னும் ஊதிவிடுமோ என்ற பயம், கீழ்வீட்டுக்காரர் என்ற பயம், மெத்தை இன்னும் இரண்டு வேண்டுமே என்ற பயம்.

இப்போதைக்குப் பெரிய எதிரி சீலிங் ஃபேன். போனில் அளந்து பார்த்தேன். ஃபேன் இல்லாமல் அறை 34 டெசிபல், ஐந்தில் வைத்தால் 52. ஒத்து அடங்கி நிற்கும் இடங்களெல்லாம் அந்த 52க்குள் மூழ்கிவிடும். சித்திரை மாதத்துச் சென்னையில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கச்சேரி கேட்பது பக்தியா பைத்தியமா என்று தெரியவில்லை. அப்பா இதற்கும் வழி வைத்திருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டதும் ஃபேனை அணைத்துவிட்டு, பனையோலை விசிறியோடு உட்கார்ந்துவிடுகிறார். விசிறி ஒவ்வொரு வீச்சுக்கும் சரக் சரக் என்கிறது. அதுவும் கேட்கிறதே அப்பா என்றேன் ஒரு நாள்.

"கேக்கட்டும். தாளத்துலதான வீசுறேன்" என்றார்.